செஷன் கிடார் வாசித்துப் பிழைப்பது எப்படி

கிடார் நன்றாக வாசிக்கிற பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு வேகமா வாசிச்சா செஷனுக்குக் கூப்பிடுவாங்க?" செஷன் என்றால் இன்னொருவருடைய பாட்டின் ஒலிப்பதிவுக்குப் போய்ச் சம்பளத்துக்கு வாசிப்பது. வேகத்துக்காக யாரும் கூப்பிடுவதில்லை. இன்னொருவருடைய பாட்டுக்குள் போய், அதற்கு என்ன வேண்டுமோ அதை மட்டும், சீக்கிரமாக, சுத்தமாக, முகம் சுளிக்காமல் வாசித்துக் கொடுத்துவிட்டு வருகிறவரைத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் முறை கூப்பிட எத்தனையோ காரணம் இருக்கலாம், தெரிந்தவர் சொல்லியிருப்பார், வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சலாக இருக்கும். இரண்டாவது முறை கூப்பிடுகிறார்களா என்பதில்தான் பிழைப்பு இருக்கிறது. கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த இரண்டாவது அழைப்பை மனதில் வைத்துத்தான்.

கையில் என்ன இருக்க வேண்டும்

முதலில் தாளம். கிளிக், அதாவது மெட்ரனோமின் தாளச் சத்தம், போட்டு வாசிக்கத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு சோதனை செய்யுங்கள்: 120 டெம்போவில் (நிமிஷத்துக்கு 120 பீட்) கிளிக் வைத்து, கம்பிகளை இடது கையால் அமுக்கி மியூட் செய்து, ஒரு பீட்டுக்கு நாலு அடியாக வெறும் "சிக்கு சிக்கு" மட்டும் இரண்டு நிமிஷம் ரெக்கார்ட் செய்யுங்கள், அப்புறம் அந்த அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 125 மில்லி செகண்டு. உங்கள் அடிகள் இருபது மில்லி செகண்டு கன்னாபின்னாவென்று முன்னும் பின்னும் போனால் கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பாட்டு கேட்கும்போது தலை ஆடாது. எல்லா அடியும் ஒரே அளவு பின்னால் விழுந்தால் பரவாயில்லை, அது ஒரு பாணி, சில பாட்டுக்கு அதுதான் அழகு. ஒழுங்கில்லாமல் சிதறுவதுதான் பிரச்சினை. இதற்கு மருந்து, கிளிக்கைக் குறைத்துக்கொண்டே போவது: முதலில் நாலு பீட்டுக்கும், பிறகு இரண்டாவது நாலாவது பீட்டுக்கு மட்டும், பிறகு நாலு பீட் கொண்ட ஒரு பாருக்கு ஒரே ஒரு கிளிக். கடைசியில் சொன்னது ஒரு வாரத்திலேயே உங்கள் கையைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைப்பது: இடம் விடுவது. பாப் பாட்டில் பாடகரின் குரல்தான் ராஜா. உங்களுக்குத் தெரிந்த ஆறு கம்பி கார்டை அப்படியே அடித்தால் கீழே பேஸ் கிடாரோடு மோதும், நடுவில் கீபோர்டோடும் குரலோடும் மோதும், மிக்ஸிங் செய்கிறவர் கடைசியில் உங்கள் டிராக்கைத்தான் குறைப்பார். 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்டில் மோடவுன் என்ற இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவில் ராபர்ட் வைட், எட்டி வில்லிஸ், ஜோ மெசினா என்று மூன்று கிடார்காரர்கள் இருந்தார்கள், பல பாட்டுகளில் மூன்று பேருமே வாசித்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், ஒருவர் பேக்பீட்டில், அதாவது இரண்டாவது நாலாவது பீட்டில், சுருக்கென்று ஒரு வெட்டு, இன்னொருவர் சின்னச் சின்ன ஃப்ரேஸ், யாரும் யார் மேலும் ஏறி உட்காரவில்லை. ஷீக் குழுவின் கிடார்காரர் நைல் ராட்ஜர்ஸ் வாசிப்பதையும் கவனியுங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று கம்பிதான் ஒலிக்கும், மிச்சமெல்லாம் வலது கையின் ஓட்டம். மெல்லிய மூன்று கம்பிகளில் ஒவ்வொரு கார்டையும் மூன்று இடத்தில் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், நூறு சோலோ லிக்குகளைவிட (தயாராக வைத்திருக்கும் சின்னத் துணுக்குகள்) அது சோறு போடும்.

இடம் விடுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த நாளைச் சொல்கிறேன். சரணத்தில் பாடகியின் வரி மூன்றாவது பீட்டில் முடிகிறது. அந்த இடைவெளியில் நான் அழகாக ஒரு பதில் வாசித்திருந்தேன், மூன்றாவது பீட்டுக்குப் பிறகு உடனே ஆரம்பித்து நாலு ஸ்வரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேசும் டாக்பேக் மைக்கில் தயாரிப்பாளர், "அவங்க மூச்சு விட்டு முடிக்கட்டும்" என்றார், அவ்வளவுதான் சொன்னார். திரும்பக் கேட்டேன், உண்மையில் என் முதல் ஸ்வரம் பாடகியின் கடைசி எழுத்தின் வால் மேல் விழுந்துகொண்டிருந்தது. நாலு ஸ்வரத்தை இரண்டாக்கி, அடுத்த பாரின் முதல் பீட்டுக்குத் தள்ளினேன். அந்த இரண்டு ஸ்வரமும் இன்றைக்கும் அந்தப் பாட்டில் இருக்கின்றன.

நொட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டுமா என்றால், தெரிந்தால் அதிக வேலை கிடைக்கும், பாப் வேலைக்குப் பெரும்பாலும் கார்டுகளை மட்டும் வரிசையாக எழுதிய கார்டு சார்ட் போதும். ஆனால் சார்ட்டில் எங்கே திரும்பிப் போக வேண்டும், கோடா (பாட்டை முடிக்கும் கடைசிப் பகுதி) எங்கே, திரும்ப வாசிக்கும்போது வரும் இரண்டாவது முடிவு எங்கே என்பதைத் தடுமாறாமல் படிக்கத் தெரிய வேண்டும், புதியவர்கள் தடுக்கி விழுவது கார்டில் இல்லை, இந்த வழித்தடத்தில்தான். அதோடு நாஷ்வில் எண் முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் கடைசியில் தொடங்கி வைத்தது, கார்டின் பெயருக்குப் பதிலாக ஸ்கேலில் அது எத்தனையாவது என்ற எண்ணை எழுதுவது. 1 5 6- 4 என்று எழுதியிருந்தால் (கோடு மைனரைக் குறிக்கும்) ஜி ஸ்கேலில் ஜி, டி, ஈ மைனர், சி. பாடகருக்கு உச்சம் எட்டவில்லை, ஒரு கட்டை இறக்குங்கள் என்றால் எஃப், சி, டி மைனர், பி ஃபிளாட். தாளில் ஒரு எழுத்தும் மாறாது. சுருதி மாற்றச் சொல்லும்போது "அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்று கேட்பவருக்கும் "சரி" என்று உடனே ஆரம்பிப்பவருக்கும் வித்தியாசம் இந்த ஒரு பழக்கம்தான்.

கருவிகள்

இங்கே காசைக் கொட்டாதீர்கள். கம்பியின் அதிர்வை ஒலியாக எடுக்கும் பிக்கப்புகளில் இரண்டு சிங்கிள் காயிலும் பிரிட்ஜில் தடித்த ஒலி தரும் ஒரு ஹம்பக்கரும் உள்ள எலக்ட்ரிக் ஒன்று, நல்ல அக்கூஸ்டிக் ஒன்று, கேப்போ (கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கிளிப்), ட்யூனர், வால்யூம் பெடல், ஒலியைச் சமன் செய்யும் கம்ப்ரசர், கரகரப்பு சேர்க்கும் டிரைவ், எதிரொலி தரும் டிலே. பல ஆம்ப்களின் ஒலியைப் போலிசெய்யும் ஆம்ப் மாடலர் ஒன்று இருந்தால் பாதிப் பெட்டியைத் தூக்க வேண்டாம். கிடார் விலை எவ்வளவு என்று மிக்ஸில் யாருக்கும் கேட்காது, ஆனால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி விலகினால் எல்லோருக்கும் கேட்கும், எனவே இன்டனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது, செட் செய்யப்பட்ட சுமாரான கிடார் செட் செய்யாத உயர்ந்த கிடாரைவிட மேல். கம்பியை முந்தின நாள் மாலையே மாற்றிவிடுங்கள், அன்றைக்குக் காலையில் மாற்றினால் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். கேப்போ போட்டால் சுருதி கொஞ்சம் ஏறும், போட்ட பிறகு மறுபடி ட்யூன் செய்யுங்கள்.

ஒரு மலிவான வித்தை: பன்னிரண்டு கம்பி செட் ஒன்று வாங்கி, அதில் வரும் மெல்லிய ஆக்டேவ் கம்பிகளைப் பழைய அக்கூஸ்டிக் ஒன்றின் தடித்த நாலு கம்பிக்குப் பதிலாக மாட்டுங்கள், பி, ஈ இரண்டும் அப்படியே இருக்கட்டும். இதற்கு நாஷ்வில் ட்யூனிங் என்று பெயர். தனியாகக் கேட்டால் சின்னப் பொம்மை மாதிரி இருக்கும், சாதாரண அக்கூஸ்டிக் டிராக்கின் பக்கத்தில் வைத்தால் பல்லவி முழுக்க வெளிச்சம் அடித்த மாதிரி ஆகிவிடும். லாஸ் ஏஞ்சலஸில் 1960களில் வாசித்த, பின்னாளில் ரெக்கிங் குரூ என்று பெயர் பெற்ற செஷன் கூட்டத்தில் இருந்த கிடார்காரர் டாமி டெடஸ்கோ, வேறு தந்தி வாத்தியம் எதைக் கேட்டாலும் எடுத்து, அதைக் கிடார் மாதிரியே ட்யூன் செய்து வாசித்துவிடுவார். கேட்ட ஒலி கிடைத்தால் போதும், எந்த வழியில் வந்தது என்பது உங்கள் விஷயம்.

செஷனுக்கு முன்னால்

கேட்க வேண்டியதை முதல் நாளே கேளுங்கள்: எந்தச் சுருதி, டெம்போ என்ன, எத்தனை பாட்டு, எந்தப் பாட்டு மாதிரி வேண்டும் என்று ஏதாவது மனதில் இருக்கிறதா, அக்கூஸ்டிக்கா எலக்ட்ரிக்கா, அங்கே ஆம்ப் இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு, எத்தனை திருத்தம் அதில் அடக்கம், பெயர் போடுவார்களா. கூச்சப்படாதீர்கள், இதைக் கேட்பவரைத்தான் தொழில் தெரிந்தவர் என்று நினைப்பார்கள். டெமோ கொடுத்தால் மூன்று முறை கேளுங்கள், முதல் முறை கிடாரைத் தொடாமல்.

உடை விஷயம் சின்னதுதான், ஆனால் சொல்லியாக வேண்டும். ஒருமுறை அக்கூஸ்டிக் ரெக்கார்டிங்கில் ஒவ்வொரு பல்லவியிலும் "டிக்" என்று ஏதோ கேட்டது, இன்ஜினியர் கேபிளை மாற்றினார், மைக்கை மாற்றினார், நாற்காலியை மாற்றினார், இருபது நிமிஷம் போனது. என் சட்டையின் மூன்றாவது பொத்தான், பலமாக அடிக்கும்போது கிடாரின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பொத்தான் இல்லாத மெல்லிய டி-ஷர்ட், கையில் கடிகாரம் இல்லை, காலில் சத்தம் போடாத செருப்பு.

அறைக்குள்

முதல் டேக்கையே கடைசி டேக் மாதிரி வாசியுங்கள். "சும்மா ஒருதடவை ஓட்டிப் பார்ப்போம்" என்று சொல்லும்போதும் ரெக்கார்ட் பட்டனை அமுக்கியிருப்பார்கள், அந்த ஓட்டத்தில் வந்ததுதான் பலமுறை பாட்டில் நிற்கும். டேக்குகளுக்கு நடுவில் கிடாரை நோண்டாதீர்கள். மற்றவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முக்கியமாக ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் உங்களுக்குப் பிடித்த லிக்கை வாசித்துக்கொண்டிருந்தால் அவர்கள் தலைக்குள் இருக்கும் மெட்டு கலைந்துவிடும். வால்யூமை இறக்கிவிட்டுக் கையை மடியில் வையுங்கள். ஹெட்ஃபோனில் கிளிக்கை அளவாக வையுங்கள், மெதுவான பாட்டில் கடைசிக் கார்டு அடங்கும்போது கிளிக் மைக்கில் கசிந்து அந்த டேக்கே வீணாகும்.

இப்போது மிகவும் கடினமானது: மொழிபெயர்ப்பு. பாடகரோ தயாரிப்பாளரோ "மூன்றாவது இன்வர்ஷனில் வாசி" என்று (கார்டின் ஸ்வர வரிசையை மாற்றிப் பிடிப்பதுதான் இன்வர்ஷன்) சொல்லமாட்டார், "கொஞ்சம் பளபளன்னு வேணும்" என்பார். என் அனுபவத்தில் பளபள என்றால் டிரெபிளை ஏற்றுவது முக்கால்வாசி நேரம் தவறு, அதே கார்டை மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும், அல்லது கேப்போ போட்டு வேறு வடிவத்தில் வாசிக்க வேண்டும். "சூடா" என்றால் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப், டோன் குமிழைக் கொஞ்சம் குறைத்து, பிக்கைக் கழுத்துப் பக்கம் நகர்த்தி வாசிப்பது. "அழுக்கா" என்றால் டிரைவ், ஆனால் நீங்கள் வீட்டில் வைப்பதைவிடக் குறைவாக, ஏனென்றால் கெயின் (டிரைவின் அளவு) ஏற ஏற அடியின் முனை மழுங்கும். "பெருசா" என்றால் டிஸ்டார்ஷனைக் கூட்டாமல் அதையே இன்னொரு முறை வாசிப்பது. "உணர்ச்சி பத்தல" என்றால் பெரும்பாலும் ஸ்வரத்தைக் குறைத்து, மெதுவாகத் தொட்டு, ஒரு மயிரிழை தாமதமாக விழ வைப்பது. இதெல்லாம் எப்போதும் பொருந்தாது, ஆனால் வாயைத் திறந்து "புரியல" என்று சொல்வதற்கு முன்னால் இந்த வரிசையில் முயன்று பார்க்கலாம்.

இரண்டு முறை வாசிப்பது பற்றி: ஒரு டிராக்கை காப்பி எடுத்து இடதும் வலதும் போட்டால் அகலம் வராது, நடுவிலேயே சத்தம் மட்டும்தான் கூடும். உண்மையாகவே இரண்டாவது தடவை வாசிக்க வேண்டும், அந்தச் சின்னச் சின்ன வித்தியாசம்தான் அகலம். முடிந்தால் இரண்டாவதை வேறு இடத்தில் பிடியுங்கள், முதலாவது சாதாரண ஜி என்றால் இரண்டாவது ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு டி வடிவம், அதே ஜி கார்டுதான், ஒலியின் நிறம் வேறு.

உங்களுக்கு ஒரு யோசனை தோன்றினால் சொல்லுங்கள், ஒரே ஒருமுறை. "நீங்க கேட்டது வந்துடுச்சுன்னா, இன்னொண்ணு வேற மாதிரி வாசிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். கேட்டதை முதலில் கொடுத்துவிட வேண்டும், அது முக்கியம். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பாட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை யாரிடமும், காபி குடிக்கும் இடத்தில்கூட, சொல்லாதீர்கள். யாரோ ஒருவர் அந்த வரிகளைப் பல மாதம் தூக்கம் கெட்டு எழுதியிருக்கிறார்.

வீட்டிலிருந்து வாசித்து அனுப்புவது

இன்றைக்கு வேலையில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. பாட்டு எந்த சாம்பிள் ரேட்டில் (ஒரு செகண்டுக்கு ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறார்கள் என்ற எண்) இருக்கிறதோ அதிலேயே ரெக்கார்ட் செய்யுங்கள். ஒருமுறை 48 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கு நான் 44.1இல் வாசித்து அனுப்பிவிட்டேன், அங்கே அதை மாற்றாமல் ஏற்றியதும் நாலு நிமிஷப் பாட்டில் என் கிடார் இருபது செகண்டு முன்னதாகவே முடிந்து போயிருந்தது, சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறியிருந்தது. நள்ளிரவில் போன் வந்தது. தவறு என்னுடையது, மன்னிப்புக் கேட்டு உடனே சரிசெய்து கொடுத்தேன், இப்போது அனுப்புவதற்கு முன் அந்த எண்ணை இரண்டு தடவை பார்க்கிறேன்.

24 பிட் வேவ் ஃபைல், எல்லா டிராக்கும் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும், நீங்கள் இரண்டாவது சரணத்தில்தான் வாசிக்க ஆரம்பித்தாலும் சரி. எலக்ட்ரிக் என்றால் ஆம்ப் ஒலியோடு, ஆம்ப் வழியே போகாமல் நேரடியாகப் பதிந்த, எஃபெக்ட் இல்லாத சுத்தமான டி.ஐ. டிராக்கையும் சேர்த்து அனுப்புங்கள், அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வேறு ஆம்ப் வழியே ஓட்டிக்கொள்வார்கள், உங்களை மறுபடி உட்கார வைக்கத் தேவையில்லை. ஃபைல் பெயரில் பாட்டின் பெயர், பகுதி, டெம்போ மூன்றும் இருக்கட்டும், "கிடார் ஃபைனல் புதுசு 3" என்று அனுப்பினால் எந்த இன்ஜினியருக்கும் உங்கள் மேல் அன்பு வராது. வாசிப்பது காதில் தாமதமாக விழாமலிருக்க, ரெக்கார்டிங் மென்பொருளின் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்கி வாசியுங்கள், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு அந்தத் தாமதம் மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவு. அக்கூஸ்டிக்குக்கு மைக்கை ஓட்டைக்கு நேராக வைக்காமல் பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு சாண் தூரத்தில் வைத்தால் "கும்" என்று அடைக்காது.

வேலை எங்கிருந்து வரும்

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை: மற்ற கிடார்காரர்களிடமிருந்துதான் நிறைய வேலை வரும். ஒரே நாளில் இரண்டு வேலை வந்தவர், தன்னால் போக முடியாத வேலைக்கு யாரையாவது சொல்ல வேண்டும், தன் பெயரைக் கெடுக்காத ஒருவரைத்தான் சொல்வார். அவர்களைப் போட்டியாகப் பார்ப்பவருக்கு இந்தக் கதவு திறக்காது. டிரம்மர், பேஸ் வாசிப்பவர், ரெக்கார்டிங் இன்ஜினியர், இவர்களும் பெயர் சொல்கிறவர்கள்தான். இப்படி இன்னொருவருக்குப் பதிலாகப் போனால் அவருடைய இடத்தைப் பிடிக்க முயலாதீர்கள், வேலையை முடித்துவிட்டு அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

மாதிரி வீடியோ, ஒன்றரை நிமிஷத்துக்குள், குரலோடு சேர்ந்த பாட்டுக்குள் உங்கள் கிடார் என்ன செய்கிறது என்று காட்டட்டும். தனி சோலோ வீடியோ பார்த்துக் கைதட்டுவார்கள், வேலை கொடுக்கமாட்டார்கள்.

எந்த வேலையை ஒப்புக்கொள்வது என்பதற்கு டெடஸ்கோ நாலு காரணம் வைத்திருந்தார்: பணம், தொடர்பு, அனுபவம், சந்தோஷம். ஒன்றாவது இருந்தால் போகலாம். நான் ஆரம்பத்தில் அனுபவத்துக்காக நிறைய ஒப்புக்கொண்டேன், அதில் தவறில்லை, ஆனால் "இலவசமா வாசிங்க, அடுத்ததுக்குத் தர்றோம்" என்று சொன்ன ஓர் இடத்தில் அந்த அடுத்தது வரவேயில்லை. அனுபவம் வேண்டுமென்று நீங்களாக முடிவு செய்து இலவசமாக வாசிப்பது வேறு, அவர்கள் கேட்டு வாசிப்பது வேறு.

பணமும் பெயரும்

பெரும்பாலும் ஒருமுறை சம்பளம்தான், பாட்டு எத்தனை கோடிப் பேர் கேட்டாலும் அதில் பங்கு வராது. அதனால் வாசிக்கும் முன்பே ஒரு செய்தியிலாவது எழுத்தில் வாங்குங்கள்: எவ்வளவு, எப்போது, எத்தனை திருத்தம், உங்கள் டேக்கை இந்தப் பாட்டைத் தவிர வேறு எதற்கெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் சொன்னது இப்போது ரொம்ப முக்கியம், சாம்பிள் தொகுப்பாக விற்பதோ மென்பொருளுக்குப் பயிற்சியாகக் கொடுப்பதோ வேறு வியாபாரம், அதற்கு வேறு விலை. பாட்டின் அடையாளமே நீங்கள் உருவாக்கிய ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) என்றால், பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவராக உங்களுக்கு உள்ள பங்கைப் பற்றி அன்றைக்கே பேசுங்கள், பாட்டு வெளியான பிறகு பேசினால் கசப்புதான் மிஞ்சும்.

வாசித்தவருக்கும் உரிமை உண்டு என்பதை 1961இல் ரோம் ஒப்பந்தம் ஏற்றுக்கொண்டது, ஆனால் நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் இணைய வானொலி போன்ற சேவைகள் சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற வசூல் அமைப்பின் மூலம் கட்டும் தொகையில் 5 சதவீதம் பாட்டின் முகமாக இல்லாத இசைக்கலைஞர்களுக்கும் பின்னணிப் பாடகர்களுக்கும் சட்டப்படி போகிறது. உங்கள் நாட்டில் இதை வசூலிக்கும் சங்கம் இருந்தால் இன்றே பதிவு செய்யுங்கள், பெயர் பதிவாகியிருந்தால்தான் பணம் உங்களைத் தேடி வரும். அதற்காகவே பெயர் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். ஃபங்க் பிரதர்ஸ் பல வருஷம் உலகமே பாடிய பாட்டுகளுக்கு வாசித்தும், மோடவுன் ஆல்பத்தில் அவர்கள் பெயர் முதன்முதலாக வந்தது 1971இல், மார்வின் கேயின் ஆல்பத்தில். அந்த நியாயமின்மை எனக்கு இன்றும் வலிக்கிறது.

காதைப் பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை என்று வேலையிடப் பாதுகாப்பு விதிகளில் பரவலாகச் சொல்கிறார்கள், அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் கணக்குப்படி ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். ஹெட்ஃபோனைக் குறைத்து வையுங்கள், மேடைக்குப் போனால் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் போடுங்கள். விரலோ மணிக்கட்டோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

செஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தக் கிடார், எந்த பிக்கப், பிக்கின் தடிமன், கம்பியின் கேஜ், கேப்போ எங்கே, பெடல் குமிழ்கள் எந்த நிலையில், ஆம்ப் எது. போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருநாள் போன் வரும், பல்லவியை ஒரு தடவை கூட்டியிருக்கிறோம், அதே ஒலியில் நாலு பார் மட்டும் வேண்டும், இன்றைக்கு ராத்திரிக்குள் முடியுமா என்று கேட்பார்கள். நோட்டைத் திறந்து, அந்தக் கிடாரை எடுத்து, ட்யூன் செய்து, "ஒரு மணி நேரத்துல அனுப்பறேன்" என்று சொல்லுங்கள்.